காலணி அளவும் அண்டை நாட்டு வணிகமும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு குறைவு. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பொருள்களில் ஷூவும் செருப்பும் இருக்கும். அவற்றின் எண் இங்குள்ள எண்ணோடு ஒத்துப்போவதில்லை. காரைக்குடியில் காலணிக் கடை நடத்தும் என்னிடம் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். காலணியின் மேல் உள்ள எண், அது எந்தச் சந்தைக்காகத் தைக்கப்பட்டது என்பதைத் தெளிவாகவும், அணிபவரின் கால் எவ்வளவு நீளம் என்பதை அரைகுறையாகவும் சொல்கிறது. ஆகவே அளவுக் கணக்கோடு, அண்டை நாடுகளுடனான வணிக உறவு பற்றிய கேள்விகளும் இதில் கலந்தே வருகின்றன.

எட்டாம் நம்பர் செருப்புன்னா அந்த எட்டு என்ன? எட்டு அங்குலமா?

எட்டு அங்குலம் அன்று. நாம் சொல்லும் நம்பர் ஆங்கிலேயரின் அளவுமுறையிலிருந்து வந்தது. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது இங்கிலாந்தின் பழைய கணக்கு. காலணி அளவில் ஒரு படி என்பது அந்த ஒரு மணியின் நீளம், அதாவது 8.47 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் காலணி அளவு சொல்லும் வழக்கம் 1688-இல் அச்சான ஓர் ஆங்கில நூலிலேயே பதிவாகியிருக்கிறது.

நான்கு அங்குல நீளத்தைப் பூஜ்யமாக வைத்துக் குழந்தைகளின் அளவு 13 வரை ஏறுகிறது. அதன்பின் மீண்டும் 1 என்று தொடங்கிப் பெரியவர்களின் அளவு போகிறது. ஆகவே பெரியவர்களின் 8 என்பது நான்கு அங்குலத்துக்கு மேல் 21 படிகள் ஏறிய இடம்: 11 அங்குலம். இந்த 11 அங்குலமும் காலின் நீளம் ஆகாது. காலணி எந்தக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துத் தைக்கப்படுகிறதோ, தொழிலில் லாஸ்ட் எனப்படும் அந்த அச்சின் நீளம்தான் இது. விரல்கள் அசைய இடம் வேண்டும் என்பதால் அச்சு காலைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கும்.

பெட்டியில் யூகே 8, யூஎஸ் 9, ஈயூ 42, சிஎம் 27 என்று நாலு நம்பர் இருக்கே, எது நம்மளோடது?

யூகே எண்தான் இந்தியாவில் வழங்குவது; சில பெட்டிகளில் அதையே ‘இந்தியா’ என்றும் அச்சிடுகிறார்கள். அமெரிக்க எண்ணும் அதே பார்லி மணிப் படியில்தான் ஏறுகிறது. தொடங்கும் இடம் வேறு என்பதால் ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்று கூடுதலாக வரும். ஐரோப்பிய எண்ணுக்கு அடிப்படை ‘பாரிஸ் புள்ளி’. அதில் ஒரு படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர்.

சென்டிமீட்டர் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஜப்பானிய முறையில் அது காலின் நீளம். கொரியாவிலும் சீனாவிலும் அதையே மில்லிமீட்டரில் எழுதுகிறார்கள். நான்கு எண்களும் ஒரே பெட்டியில் இருந்தால், அந்தத் தொழிற்சாலை ஒரே சரக்கை நான்கு வகைச் சந்தைக்கும் அனுப்புகிறது என்று கொள்ளலாம்.

வீட்டிலேயே காலை எப்படி அளக்குறது?

மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுவதும் நடந்தபின் கால் சற்று விரிந்திருக்கும். சுவரோரம் தரையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் எடை இறங்காத காலின் அளவு கிடைக்கும். நடக்கும்போது அது உதவாது. நீண்டிருக்கும் விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறித்து, சுவரிலிருந்து அந்தக் குறி வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்ட கால்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு இரண்டாம் விரலே கணக்கு.

இரண்டு கால்களையும் அளந்து, நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதம் அகன்றிருக்கும் பகுதியைச் சுற்றித் தையற்காரர் நாடாவை வைத்துச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பது பின்னால் வரும்.

அளந்தாச்சு, 260 மில்லிமீட்டர். இதை நம்பரா மாத்தணும்.

முதலில் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை கூட்டி அச்சின் நீளத்துக்கு வர வேண்டும்: 275 முதல் 280. ஐரோப்பிய எண்ணுக்கு அதைச் சென்டிமீட்டரில் வைத்து ஒன்றரையால் பெருக்கினால் 41.25 முதல் 42 வரை வரும். ஆங்கில எண்ணுக்கு அங்குலமாக்கி மூன்றால் பெருக்கி 25-ஐக் கழித்தால் ஏழரை முதல் எட்டு வரை வரும். அமெரிக்க ஆண்கள் எண்ணுக்கு 25-க்குப் பதிலாக 24-ஐக் கழித்தால் எட்டரை முதல் ஒன்பது.

சீனாவில் செய்யப்படும் காலணிகளில் இன்னொரு பழைய எண்ணும் காணப்படும். காலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் வைத்து இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழித்தால் அது கிடைக்கும், 260-க்கு 42. ஐரோப்பிய எண்ணுக்கு மிக அருகில் வருவதால் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு அட்டவணையில் யூகே 7-க்கு 40, இன்னொன்றில் 41. எதை நம்ப?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஆங்கிலப் படி 8.47 மில்லிமீட்டர், பாரிஸ் புள்ளி 6.67 மில்லிமீட்டர் என்று மேலே பார்த்தோம். படிகளின் உயரமே வேறாக இருப்பதால் இரண்டு ஏணிகளும் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை. நான்கு ஆங்கிலப் படிகள் ஐந்து ஐரோப்பியப் படிகளுக்கு ஏறத்தாழச் சமம், அவ்வளவுதான். துல்லியமாகக் கணக்கிட்டால் யூகே 7 என்பது 40.64. அதை ஒருவர் கீழே இறக்கி 40 என்கிறார், இன்னொருவர் மேலே ஏற்றி 41 என்கிறார். யூகே 8 மட்டும் 41.91 என்று வருவதால் 42-இல் அனேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அனேகமாக என்று சொல்லக் காரணம் உண்டு. அடிடாஸ் அட்டவணையில் யூகே 8-க்கு நேராக ஈயூ 42, நீளம் 26.5 சென்டிமீட்டர், நைக்கி அட்டவணையில் அதே யூகே 8-க்கு ஈயூ 42.5, நீளம் 27 சென்டிமீட்டர். ஆகவே பொது அட்டவணையைத் தூர வைத்துவிட்டு, வாங்கப்போகும் நிறுவனத்தின் சொந்த அட்டவணையில் மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் நிரலை மட்டும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

பெண்களுக்கு யூஎஸ் நம்பர் ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?

அமெரிக்காவில் பெண்களுக்குத் தனி ஏணி. ஆங்கில எண்ணைவிட ஏறத்தாழ இரண்டு கூடுதல். நிறுவனத்தைப் பொறுத்து ஒன்றரையாகவும் இரண்டரையாகவும் மாறும். ஆங்கில, ஐரோப்பிய எண்களில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. யூஎஸ் 7 வாங்கச் சொன்னால், ஆண்களுக்கா பெண்களுக்கா என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

பையனுக்குப் போன வருஷம் 13, இந்த வருஷம் 1-ன்னு குடுக்குறாங்க. கால் சின்னதாயிடுச்சா?

கால் வளர்ந்திருக்கிறது, முதல் கேள்வியின் பதிலில் சொன்னபடி 13-க்கு அடுத்த படியின் பெயர் 1. பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது விரல் நுனிக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டால் போதும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு எண் கூட்டி வாங்கினால், குதிகால் கழன்று கழன்று பிள்ளை நடையே மாறும்.

சிங்கப்பூர்ல வாங்கின எட்டு அண்ணனுக்கு இறுக்குது. இங்க வாங்கின எட்டு சரியா இருக்கு. ரெண்டும் யூகே 8 தானே?

எண் நீளத்தைத்தான் சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஆண்களுக்கு டி என்ற எழுத்தும் பெண்களுக்கு பி என்ற எழுத்தும் வழக்கமான அகலத்தைக் குறிக்கின்றன. அகலம் கூடக் கூட எழுத்து ஏறி இரட்டை ஈ, நான்கு ஈ என்று போகும். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் பெரும்பாலான காலணிகளில் அந்த எழுத்தே இருப்பதில்லை. வெறுங்காலிலும் வார் செருப்பிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஒடுக்கமான அச்சில் தைத்த ஷூவுக்குள் அது அடங்காது. அப்போது பலரும் ஒரு எண் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். நீளம் மிஞ்சிக் குதிகால் வழுக்கும், பக்கவாட்டு இறுக்கம் முழுதாகத் தீராது. அளக்கும்போது சுற்றளவையும் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பழைய கணக்கு ஏடுகள் உள்ள குடும்பங்களுக்கு விசை என்ற எடை தெரிந்திருக்கும். சென்னை விசை சுமார் 1.4 கிலோ, பர்மா விசை சுமார் 1.63 கிலோ. இரு கரையிலும் ஒரே பெயர் வழங்கியதால், எந்த ஊர் விசை என்று கேட்காமல் விலை பேச முடியாது. யூகே 8 என்பதையும் அப்படித்தான் கேட்க வேண்டும்: யாருடைய அச்சில், எந்த அகலத்தில்?

ஈயூ 42-ன்னு போட்டிருந்தா ஐரோப்பாவில செஞ்சதா?

அப்படிக் கொள்ள முடியாது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஐரோப்பியச் சந்தைக்காகத் தைக்கப்படும் ஷூக்களில் பாரிஸ் புள்ளி எண்தான் இருக்கும். எண் போய்ச்சேரும் இடத்தைச் சொல்கிறது. செய்த இடத்தை ‘உற்பத்தி நாடு’ என்ற வரியில்தான் தேட வேண்டும். இறக்குமதியான பெட்டியில் அந்த நாட்டின் பெயரும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம்.

பக்கத்து நாடுகள் வியாபார ஒப்பந்தம் போட்டுக்கிட்டா நம்பரும் ஒண்ணாகிடாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நியாயமாக அப்படித்தான் எதிர்பார்ப்போம், நடந்தது வேறு. பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்து, 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் இரு பக்கத்துக்கும் இடையே சுங்க வரி படிப்படியாக நீங்கியது, பின்னர் பொதுச் சந்தையும் வந்தது. ஆனாலும் பார்லி மணியும் பாரிஸ் புள்ளியும் தத்தம் இடத்திலேயே இருந்தன. காலணியின் மேற்பகுதி, உட்பகுதி, அடிப்பகுதி எவற்றால் ஆனவை என்று குறிப்பதற்கு 1994-இல் ஐரோப்பா பொது விதி கொண்டுவந்தது. அளவெண்ணை அந்த விதி ஒன்றாக்கவில்லை. அயர்லாந்து இன்றும் ஒன்றியத்தின் உறுப்பு நாடு. அங்கே கடையில் கேட்பது ஆங்கில எண்ணைத்தான்.

வட அமெரிக்காவிலும் இதே கதை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் 1994 ஜனவரி 1 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இருந்தன. 2020 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய ஒப்பந்தம் வந்தது. மெக்சிகோவின் காலணி நகரமான லியோனில் தைக்கப்படும் ஷூ உள்ளூரில் சென்டிமீட்டரிலும், எல்லை தாண்டினால் அமெரிக்க எண்ணிலும் விற்கிறது. ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்டு மாற்றலாம். தொழிற்சாலையின் அச்சுகள், கடையின் அடுக்குகள், வாங்குபவரின் மனத்தில் பதிந்த எண் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

உறவு மாறும்போது மாறுவது வேறொன்று: சரக்கு போகும் வழி. ஆம்பூரில் செய்த ஷூ லண்டன் கிடங்குக்குப் போய் அங்கிருந்து டப்ளினுக்கு அனுப்பப்பட்டால், 2021 ஜனவரி 1-க்கு முன் ஒரு முறை வரி கட்டினால் போதும். அதன் பிறகு, பிரிட்டனில் உருவாகாத பொருள் என்பதால் ஐரோப்பிய எல்லையில் மறுபடியும் வரி உண்டு. ஆகவே அயர்லாந்துக்கான சரக்கை நேராக அனுப்புவதே லாபம் என்றாயிற்று. பெட்டியின் மேல் உள்ள எண்ணோ முன்பிருந்ததுதான்.

நாங்க பர்மா காலனி. அங்க இருக்கிற சொந்தக்காரங்க கொண்டுவந்த செருப்பில 250(2.5)-ன்னு இருக்கு. ஐயா காலத்தில அங்கயும் இங்கயும் ஒரே நம்பர்னு சொல்வாங்களே?

பெரியவர்கள் சொன்னது சரியாகவே இருக்கும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே போனால் வெளிநாடு போனதாகவே கணக்கில்லை. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால் பங்கு, அங்கே கடன் கொடுத்துவந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்கு வந்திருந்தது. கடன் வாங்கிய உழவர்கள் நெல் விலை வீழ்ச்சியில் நிலத்தை இழந்ததால் நேர்ந்த நிலை அது. உறவு முறிந்ததற்கான வேர்களில் ஒன்று அதில் இருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, விடுதலைக்குப் பின் நிலச் சட்டங்கள், 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கியது என்று ஒவ்வொன்றாக வந்து, லட்சக்கணக்கானவர்கள் திரும்ப நேர்ந்தது. ஆங்கில எண் போட்ட காலணி இரு கரையிலும் விற்ற காலம் அத்துடன் முடிந்தது.

உங்கள் செருப்பில் இருப்பது சீன முறை. 250 என்பது காலின் நீளம் மில்லிமீட்டரில். அடைப்புக்குள் உள்ள 2.5 அகலத்தின் தரவரிசை. சீனப் பொருள் மியான்மர் வழியாக வருவது புதிதன்று. மணிப்பூரின் மோரேவுக்கும் மியான்மரின் தமுவுக்கும் இடையே எல்லை வணிகம் செய்ய 1994-இல் ஒப்பந்தமாகி 1995-இல் வாசல் திறந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் மோரேயிலேயே தங்கிவிட்டதால் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள நம்பலாங் சந்தையில் சீனப் போர்வையும் செருப்பும் குவிந்துகிடந்தன. பண்டமாற்றாக நடந்த வணிகம் 2015 டிசம்பர் 1 முதல் வழக்கமான வணிகமாக்கப்பட்டது. 2023 மே மாதத்துக்குப் பின் மணிப்பூரில் நிகழ்ந்த வன்முறை அந்த வழியை முடக்கியது. 16 கிலோமீட்டர் வரை விசாவின்றிப் போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அறிவித்தது. எல்லை இப்படித் திறந்தும் மூடியும் போனாலும், உங்கள் கையில் இருக்கும் எண் நான்கு வகைகளில் மிகவும் தெளிவானது. காலை அளந்து 250 வந்தால் அது உங்களுக்கானது; மாற்றுக் கணக்கே வேண்டாம்.

இலங்கையிலிருந்து வர்ற செருப்புக்கு எந்தக் கணக்கு?

பெரும்பாலும் ஆங்கில எண், சிலவற்றில் ஐரோப்பிய எண். மேலே சொன்ன கணக்கே போதும். இந்தியா இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் மறுபடி கப்பல் விட்டபின், உறவினர் கையில் கொண்டுவருவது எளிதாயிற்று.

முன்ன இருநூறு ரூபாய்க்குக் கிடைச்ச சீன ஷூ இப்ப ஏன் கண்ணுலயே படல?

ஒரே காரணம் இல்லை. சீனப் பொருள் இன்னும் எளிதாக நுழையும் என்ற அச்சம் முக்கியமாக இருந்ததால், ஆசியாவின் பெரிய வட்டார வணிக ஒப்பந்தத்தில் சேர்வதில்லை என்று 2019 நவம்பரில் இந்தியா விலகிக்கொண்டது. 2020 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் காலணிக்கான இறக்குமதி வரி 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாயிற்று. அதே ஆண்டு ஜூனில் கல்வான் மோதல் நடந்து உறவு கசந்தது. பின்னர் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. காலணிகளுக்கான திருத்திய ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தொழிற்சாலை, ஆணைக்கு உட்பட்ட வகைகளை இங்கே அனுப்ப முடியாது.

தரம் கேட்பதை நான் வரவேற்கிறேன். மழையில் அடி கழன்று வரும் ஷூவை விற்றுவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் நிற்பதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை விற்பது மேல். ஆனால் அந்த முத்திரை பொருளின் தரத்துக்கானது. உங்கள் காலில் இறுக்குமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அப்ப மலேசியா வழியா வரி இல்லாமக் கொண்டுவரலாமே?

இந்தியாவுக்கும் ஆசியான் நாடுகளுக்கும் இடையிலான சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றுடன் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சலுகை, அங்கே உருவான பொருளுக்குத்தான். பொதுவிதியின்படி மதிப்பில் 35 சதவீதமாவது ஒப்பந்த வட்டாரத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும். சீனாவில் தைத்த ஷூவைக் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கிப் பெட்டி மாற்றினால் அது மலேசிய ஷூ ஆகிவிடாது. இப்படிப்பட்ட சுற்றுவழியைத் தடுக்க, உற்பத்தி நாட்டுக்கான ஆதாரத்தை இறக்குமதி செய்பவரே வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது.

கோலாலம்பூர்ல இருக்கிற சித்தப்பா தீபாவளிக்கு ஷூ அனுப்புறார். ‘கிஃப்ட்’டுன்னு எழுதினா வரி இல்லைதானே?

முன்பு 5,000 ரூபாய் மதிப்பு வரை அப்படி ஒரு சலுகை இருந்தது. இணையத்தில் விற்ற பொருளையே பரிசு என்று எழுதிச் சீனாவிலிருந்து அனுப்பும் வழக்கம் பெருகியதால், அஞ்சலிலும் கூரியரிலும் பரிசு என்ற பெயரில் சலுகையோடு இறக்குமதி செய்வது 2019 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. வரி கட்டிப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. வேறொரு நாட்டுடன் இருந்த சிக்கலைச் சரிசெய்யப் போட்ட விதி, சித்தப்பாவின் பார்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அளவு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் உண்டு என்பதால், அனுப்பும் முன் மில்லிமீட்டரைச் சரிபார்ப்பது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

அவரே நேரில் கொண்டுவந்தா?

பயணி தன் பையில் கொண்டுவருவதற்குத் தனி வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் விதிகள் பிற நாடுகளிலிருந்து வரும் இந்தியருக்கு 50,000 ரூபாய் என்றும், நேபாளம், பூடான், மியான்மர் ஆகியவற்றிலிருந்து விமானத்தில் வருபவருக்கு 15,000 ரூபாய் என்றும் வகுத்தன. பக்கத்து நாட்டுக்குக் குறைந்த வரம்பு வைத்தது பலருக்கும் வியப்பாக இருக்கும். அடிக்கடி போய்வரக்கூடிய இடம் என்பதால் பயணப் பை வணிகப் பையாகிவிடும் என்பதே கவலை. வரம்புகள் மாறுபவை, புறப்படுமுன் சுங்கத் துறையின் நடப்பு அறிவிப்பைப் பாருங்கள்.

அப்பச்சிக்குச் சர்க்கரை. பேரன் லண்டன்லேருந்து நம்பர் மட்டும் கேட்குறான். சொல்லலாமா?

நம்பர் மட்டும் சொல்ல வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகும். இறுக்கம் தெரியாமலே நடந்து, புண்ணானபின் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இப்படிப்பட்டவருக்கு முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சொன்னால் மென்மையான அடித்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பை அளவெடுத்துச் செய்துகொள்வதே பாதுகாப்பு. லண்டனிலிருந்து எவ்வளவு விலையுயர்ந்த ஷூ வந்தாலும், அப்பச்சி முன்னிலையில் போட்டுப் பார்க்காததை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவுக்குன்னு தனி அளவு வரப்போகுதாமே? அது வந்தா இந்தக் குழப்பமெல்லாம் போயிடுமா?

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகமும் அந்த நிறுவனமும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. இந்தியரின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு. சிங்கப்பூர் எட்டு ஏன் இறுக்கியது என்பதற்கு மேலே சொன்ன பதிலை அது உறுதிப்படுத்துகிறது. அதன் அடிப்படையில் பாரத் என்ற பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற அளவுமுறை முன்மொழியப்பட்டது. வயதையும் பாலினத்தையும் வைத்து எட்டுப் பிரிவுகள் அதில் உண்டு.

உள்நாட்டில் விற்கும் காலணிக்கு இது பெரிய உதவியாக இருக்கும். அகலத்தையும் கணக்கில் கொண்ட அச்சுகள் வந்தாலே பாதி இறுக்கம் தீரும். ஏற்றுமதிக் காலணியில் எண் மாறாது. இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று விரிவான வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. இந்தியக் காலணிக்கு அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரியை நீக்குவது அதன் பயன்களில் ஒன்று. அந்த வழியில் ஆம்பூரிலிருந்து போகும் ஷூவில் யூகே எண்தான் இருக்கும், ஹாம்பர்க்குக்குப் போவதில் பாரிஸ் புள்ளிதான் இருக்கும், தேவகோட்டைக்கு வருவதில் ‘பா’ இருக்கலாம். லண்டனிலிருந்து பேரன் அளவு கேட்கும்போது இரண்டு கால்களின் நீளத்தையும் சுற்றளவையும் மில்லிமீட்டரில் எழுதி, மாலையில் நின்றபடி அளந்தது என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். எந்த ஏணியில் அது எத்தனையாவது படி என்பதை அங்குள்ள கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.